ஆயிரத்தில் ஐந்து பேர்

பன்னிரண்டு வருடமாகச் சந்தை ஆய்வு அறிக்கை எழுதுவதுதான் சசிரேகாவின் தொழில். நிறுவனம் பெங்களூரில் இருந்தது. அவள் குன்னூரில் தன் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து எழுதி அனுப்புவாள். நாய் உணவு, தண்ணீர் சுத்திகரிப்பான், மின்சார ஸ்கூட்டர் என்று ஒவ்வொன்றும் எந்த ஆண்டில் எத்தனை விற்கும் என்று சொல்ல வேண்டும். சொன்னபடி விற்றதா என்று ஒருவரும் திரும்பி வந்து கேட்டதில்லை.

அந்த ஜனவரியில் வந்த வேலை கைக்கணினியைப் பற்றியது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விளையாடுகிற கணினி அது. நடுவில் ஏழு அங்குலத் திரை, இரு பக்கமும் பொத்தான்கள். மேசைக் கணினியில் ஓடும் பெரிய விளையாட்டுகள் எல்லாம் அதில் ஓடும். குன்னூருக்குப் பக்கத்தில், கோத்தகிரி சாலையில், மூடிக் கிடந்த தேயிலை ஃபாக்டரி ஒன்றை வாடகைக்கு எடுத்து ஸ்ரீநிவாசன் என்ற கோவைக்காரர் அதைத் தயாரித்துக்கொண்டிருந்தார். சென்னை முதலீட்டாளர்கள் சிலர் அவருடைய யூனிட்டைப் பெரிதாக்கப் பணம் போடலாமா என்று யோசித்தார்கள். நாட்டில் இந்தச் சாமானுக்குச் சந்தை உண்டா என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

அந்த யூனிட்டில் சூப்பர்வைசராக இருந்த ராஜி, சசிரேகாவோடு ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். இதை நிறுவனத்திடம் சொல்லியிருக்க வேண்டும். சசிரேகா சொல்லவில்லை.

யூனிட்டைப் பார்க்கப் போன அன்று ஸ்ரீநிவாசனே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். நீள மேசைகளில் முப்பத்திரண்டு பெண்கள் நீலத் தொப்பி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி சர்க்யூட் பலகையைப் பொருத்த, அடுத்தவள் பேட்டரியை வைத்தாள். மூன்றாமவள் கடுகு மாதிரி இருந்த ஸ்க்ரூவை முடுக்கினாள்.

"மே மாசத்துலகூட இங்க ஏசி வேண்டாமுங்க மேடம். தூசியும் இல்ல. கொழுந்து கிள்ளுன விரலுங்க. ஸ்க்ரூ எடுத்தா நழுவாது" என்றார் ஸ்ரீநிவாசன்.

அவர் அந்தப் பக்கம் போனதும் ராஜி காதருகே வந்து, "நான் ஒரு நாளும் கொழுந்து கிள்ளுனதில்ல. இவருகிட்டச் சொல்லிராத" என்று சிரித்தாள்.

மறுநாள் சசிரேகா ஊட்டிக்குப் போய் டக்ளஸைப் பார்த்தாள். கமர்ஷியல் ரோட்டில் பதினெட்டு வருடமாகக் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர். ஸ்ரீநிவாசனுடைய கைக்கணினியும் கண்ணாடி அலமாரியில் இருந்தது. அதை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"வர்றாங்க. கையில எடுக்கறாங்க. போட்டோ புடிச்சுக்கறாங்க. வெலை கேட்டுட்டு வெச்சுட்டுப் போயிர்றாங்க. போன வருசம் ரெண்டு வித்துச்சுங்க. அதுல ஒண்ணு திரும்பி வந்துருச்சு."

"ஏன் திரும்பி வந்துச்சு?"

"ஒன்றரை மணி நேரத்துல சார்ஜ் எறங்கிருதுங்க. கை சுடுது. இந்தப் பொட்டி நாப்பத்தெட்டாயிரம். அவ்வளவு குடுக்கறவன் வெளிநாட்டுக் கம்பெனியாப் பாத்து எடுக்கறான். குடுக்க முடியாதவன் போன்லயே வெளையாடிக்கறான். நடுவால யாருங்க இருக்கா?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரிப்பேருக்கு வேணா நெறைய வருதுங்க. எல்லாக் கம்பெனிதும். பேட்டரி உப்பிருது, பட்டன் போயிருது. பெங்களூருக்கு அனுப்பறோம். இந்தப் பக்கம் பாக்கறதுக்கு ஆள் இல்ல" என்றார்.

அவள் ரிப்பேரைக் குறித்துக்கொள்ளவில்லை. கேட்ட கேள்வி அதுவல்ல.

இன்னும் பதினோரு ஊர்க் கடைக்காரர்களிடம் போனில் பேசினாள். வார்த்தை மாறியதே தவிர விஷயம் மாறவில்லை. போனில் காசு செலவழித்து விளையாடுகிறவர்களில் ஆயிரத்துக்கு ஒருவர் இதை வாங்கலாம் என்று கணக்கு நின்றது. வருடத்துக்கு ஆறாயிரம் பெட்டி. விரிவாக்கத்துக்கு ஸ்ரீநிவாசன் போட்டிருந்த திட்டமோ முப்பதாயிரம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ராஜி வந்தாள். வாங்கி வந்த வர்க்கியை மேசையில் வைத்துவிட்டு நேராகவே கேட்டாள்.

"என்ன எழுதப் போற?"

"பாத்ததை எழுதணும்."

"பாத்தது நல்லாருக்கா?"

சசிரேகா வர்க்கிப் பொட்டலத்தைப் பிரித்தாள். ராஜிக்கு அதுவே போதுமாயிருந்தது.

"இங்க பாரு புள்ள. முப்பத்திரண்டு பேரு. மழையில நனையாம, அட்டை கடிக்காம, சேர்ல உக்காந்து வேலை பாக்கறோம். எனக்கு முப்பத்தாறு வயசுல இப்பத்தான் மொத தடவையா நாலு பேரு மேடம்னு கூப்பிடறாங்க. நீ விக்காதுன்னு எழுதுனா நாளைக்கே பூட்டிருவாங்க. கொஞ்சம் நல்லபடியா எழுதேன். உன் கையில என்ன கொறஞ்சு போகுது?"

"அப்படி எழுத முடியாது ராஜி."

"எதையுமே பாக்காம எழுதுனதே இல்லையா நீ?"

இருந்தது. நாய் உணவு அறிக்கையை எழுதியபோது அவள் ஒரு கடைக்குக்கூடப் போனதில்லை. ராஜி அதை அறிந்து கேட்கவில்லை. ஆனால் கேள்வி போய்த் தைக்க வேண்டிய இடத்தில் தைத்தது.

இரண்டு நாள் சசிரேகா அந்தக் கோப்பைத் திறக்கவில்லை. விற்காது என்று எழுதினால் கதவு மூடும். விற்கும் என்று எழுதினால் பணம் வரும், பணம் வந்தால் எப்படியாவது ஓட்டிவிடுவார்கள். அவளுக்கு இந்த இரண்டு வழிதான் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு ஒன்று என்ற எண்ணை அழித்து ஐந்து என்று போட்டாள். ஆயிரத்தில் ஐந்து பேர். ஆறாயிரம் முப்பதாயிரமானது. ஏன் ஐந்து என்பதற்கு இரண்டு பத்தி காரணம் எழுதினாள். அது அவளுக்குக் கைவந்த கலை. பெங்களூரில் அறிக்கையைச் சரிபார்த்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். மூன்றாம் பக்கத்து வரைபடத்தைப் பச்சைக்குப் பதில் நீலத்தில் போட முடியுமா என்று.

மார்ச்சில் பணம் வந்தது. ஸ்ரீநிவாசன் பக்கத்துக் கொட்டகையையும் எடுத்தார். உதிரிப் பாகங்களுக்கு மொத்தமாக ஆர்டர் கொடுத்தார். இன்னும் ஐம்பது பெண்கள் தேவைப்பட்டார்கள். ஆள் சேர்க்கும் பொறுப்பு ராஜியிடம் வந்தது. அவள் எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்புகளில் லைன் லைனாக ஏறி இறங்கினாள்.

ஏப்ரலில் ஒரு புதன்கிழமை, குன்னூர் பஸ் ஸ்டாண்டில் சசிரேகாவை யாரோ தோளில் தொட்டார்கள். அங்கம்மா. ராஜியின் பெரியம்மா மகள். ஐம்பத்து நான்கு வயது. எஸ்டேட்டில் இருபத்தொன்பது வருடம் நிரந்தரத் தொழிலாளியாகக் கொழுந்து பறித்தவள். கழுத்தில் யூனிட்டின் அடையாள அட்டை புதிதாகத் தொங்கியது.

"அம்மிணி, நீதான் நல்லபடியா எழுதிக் குடுத்தியாம். ராஜி சொன்னா. நல்லாயிருப்ப."

"எஸ்டேட்டு வேலை என்னாச்சுக்கா?"

"விட்டுடறேன்னு எழுதிக் குடுத்துட்டேன். முட்டி ரெண்டும் தேஞ்சு போச்சு. சரிவுல நிக்க முடியல."

"லைன் ஊடு?"

"ஆறு மாசம் டைம் குடுப்பாங்களாம். அதுக்குள்ள வாடகைக்குப் பாத்துக்கறேன். சம்பளம் வருதில்ல?"

வேலையை விட்டால் லைன் வீடும் போய்விடும் என்பது மலையில் எல்லாருக்கும் தெரியும். ரிடயர் ஆக நான்கு வருடம் இருந்த பெண் அதை விட்டுவிட்டு வந்து நிற்கிறாள். சசிரேகா பஸ் வருகிற பக்கம் பார்த்தாள். கோத்தகிரி பஸ் வந்தது. அங்கம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறினாள்.

ஜூனில் மெமரி சிப் விலை ஏறத் தொடங்கியது. உலகம் முழுக்க டேட்டா சென்டர் என்கிற பெரிய கணினிக் கூடங்கள் சிப்புகளை அள்ளிக்கொண்டு போயின. சின்னக் கம்பெனிகளுக்கு மிச்சம் இல்லை. நாற்பத்தெட்டாயிரமாக இருந்த பெட்டி அறுபத்திரண்டாயிரமாயிற்று. நாற்பத்தெட்டுக்கே வாங்காதவர்கள் அறுபத்திரண்டுக்கு எங்கே வாங்குவார்கள்? தீபாவளிக்கென்று ஆர்டர் கொடுத்திருந்த ஆன்லைன் கடை பாதியைக் குறைத்தது. அப்புறம் மொத்தத்தையும் ரத்து செய்தது. இரண்டாவது கொட்டகையில் நான்காயிரம் பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கிக் கிடந்தன. ஆகஸ்டில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. செப்டம்பர் இரண்டாவது வாரத்தில் கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள்.

செய்தி கேட்டு சசிரேகா போனாள். பெண்கள் கலைந்துவிட்டிருந்தார்கள். ஸ்ரீநிவாசன் மட்டும் காலி மேசை ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"எனக்கே சந்தேகம் இருந்துச்சுங்க மேடம்" என்றார். "ஜனவரியில ரெண்டு பிளான் எழுதி வெச்சிருந்தேன். ஒண்ணு பெருசாக்கறது. இன்னொண்ணு, தயாரிப்பை நிறுத்திட்டு எல்லாக் கம்பெனிப் பொட்டிக்கும் ரிப்பேர் சென்டரா மாத்திக்கறது. இருந்தவங்கள்ல இருவத்தஞ்சு பேருக்கு அதுல தாராளமா வேலை இருந்துச்சுங்க. உங்க ரிப்போர்ட் வந்துச்சு. முப்பதாயிரம்னு பாத்தேன். ரெண்டாவது பிளானைக் கிழிச்சுப் போட்டுட்டேன்."

அவள் எதிர் மேசையில் கிடந்த நீலத் தொப்பி ஒன்றை எடுத்து மடித்தாள்.

"உங்களைக் குத்தம் சொல்லலைங்க. சிப்பு வெலை ஏறும்னு யாருக்குத் தெரியும்? மார்க்கெட்டுன்னா அப்படித்தானுங்க" என்று அவரே ஆறுதலும் சொன்னார்.

அவரிடம் அவளால் சொல்ல முடியவில்லை. அங்கிருந்து நேராக ராஜியின் வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். ஒன்று ஐந்தானதை, டக்ளஸ் சொன்ன ரிப்பேரை, கிழித்துப் போட்ட திட்டத்தை. ராஜி அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாள்.

"நான் கேட்டா நீ மாத்திருவியா?"

"ராஜி..."

"கொஞ்சம் நல்லபடியா எழுதுன்னுதானே சொன்னேன்? பொய் எண்ணு போடுன்னா சொன்னேன்? எனக்கு என்ன தெரியும்? படிச்சவ நீயா நானா?" குரல் உயர்ந்து உடைந்தது. பிறகு தணிந்து, "அங்கம்மாக்காகிட்டச் சொல்லிராத. மாட்டேன் மாட்டேன்னவளைக் கையைப் புடிச்சு இழுத்துட்டு வந்தது நானு" என்றாள்.

எஸ்டேட் ஆபீசில் அங்கம்மாவைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. அந்த வயதில் புது ஆள் எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அக்டோபர் கடைசியில் வீட்டைக் காலி செய்தாள். மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. பந்தலூரில் இருந்த தம்பி ஒச்சப்பன் ஒரு ஜீப் பிடித்துக்கொண்டு வந்திருந்தான். ராஜி வரவில்லை. சசிரேகா போனாள். பாத்திரங்களைச் சாக்கில் கட்டினாள். கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். ஒச்சப்பன் தார்ப்பாய் கட்ட வெளியே போன நேரத்தில் சொல்லிவிட்டாள். ராஜியின் பேரை மட்டும் எடுக்கவில்லை.

அங்கம்மா சுவரில் இருந்து சாமி படங்களைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கழற்றியபடியே கேட்டாள்.

"விக்காதுன்னு தெரிஞ்சேதான் எழுதுனியா?"

"ஆமாங்க்கா."

"பஸ் ஸ்டாண்டுல உன்னைப் பாத்தேனே, அன்னைக்கும் தெரியுமா?"

"தெரியும்."

அங்கம்மா படத்தை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அன்னைக்குப் புதங்கெழமை. மேனேஜர் ஊருக்குப் போயிருந்தாரு. வெள்ளிக்கெழமைதான் என் காயிதத்துல கையெழுத்து போட்டாரு. ரெண்டு நாள் இருந்துச்சு அம்மிணி. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஓடிப்போய்த் திருப்பி வாங்கிட்டு வந்திருப்பேன்."

அவள் எழுந்து, மீதிப் படங்களைத் தானே எடுத்துக்கொண்டாள். சசிரேகா நீட்டிய கையில் எதையும் கொடுக்கவில்லை. ஜீப் கிளம்பும்போது முன்சீட்டில் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே சசிரேகா நிறுவனத்துக்கும் முதலீட்டாளர்களுக்கும் ஸ்ரீநிவாசனுக்கும் ஒரே கடிதமாக எழுதி அனுப்பினாள். எந்த எண்ணை, என்றைக்கு, எதற்காக மாற்றினேன் என்று எல்லாவற்றையும் எழுதினாள். நிறுவனம் அன்றைக்கே அவளை வேலையிலிருந்து நீக்கியது. முதலீட்டாளர்களின் வக்கீல் நோட்டீஸ் வந்தது. ஸ்ரீநிவாசனிடமிருந்து பதில் இல்லை. அவர் கோவைக்கே போய்விட்டார் என்று டக்ளஸ் சொன்னார். கடிதத்தால் யாருக்கும் வேலை திரும்பக் கிடைக்கவில்லை. நவம்பரில் ராஜி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தாள். போன் எண்ணை மாற்றிக்கொண்டாள்.

பொங்கல் கழிந்து சசிரேகா பந்தலூருக்குப் பஸ் ஏறினாள். ஒச்சப்பனின் வீட்டைக் கண்டுபிடித்தபோது பகல் ஒரு மணி. அங்கம்மா ஒரு தோட்டத்தில் தற்காலிகக் கூலியாகப் போவதாக அவன் மனைவி சொன்னாள். வேலை இருக்கும் நாளில் கூப்பிடுவார்கள். அதே சரிவு, அதே முட்டி. யானை நடமாட்டம் இருப்பதால் காலையில் நாலைந்து பேர் சேர்ந்துதான் போவார்கள். வருவதற்கு மூன்றரை ஆகும், உட்காருங்கள் என்று ஸ்டூல் போட்டாள்.

சசிரேகா உட்கார்ந்திருந்தாள். மூன்றே முக்காலுக்குப் பெண்கள் நால்வர் மேட்டுப் பாதையில் இறங்கி வந்தார்கள். கடைசியாக, கம்பு ஊன்றி, ஒவ்வொரு படியாகக் காலை வைத்து வந்தவள் அங்கம்மா. வாசலில் உட்கார்ந்திருப்பவளைப் பார்த்துவிட்டாள். ஒரு நிமிடம் நின்றாள். சசிரேகா எழுந்தாள். அங்கம்மா கூட வந்தவளிடம் ஏதோ சொல்லிவிட்டு, வேலியோரமாகத் திரும்பி வீட்டின் பின்பக்கம் போனாள். உள்ளே குடத்தில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது.

ஒச்சப்பனின் மனைவி உள்ளே போய், சற்றுப் பொறுத்துத் திரும்பி வந்தாள். சங்கடத்தோடு சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

"களைப்பா இருக்குதாம்க்கா. கூடலூர் பஸ் நாலேகாலுக்கு இருக்கு. அதை விட்டா வேற இல்ல" என்றாள்.