ஓம், வாறன்

இதை எந்த அளவுக்குச் சரியாக நினைவில் வைத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. விசாரணை அறையில் எத்தனை நாற்காலிகள் இருந்தன, மழை பெய்ததா, யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதெல்லாம் வருடத்துக்கு வருடம் இடம் மாறுகின்றன. ஒரு சொல் மட்டும் மாறவே இல்லை. அதனால்தான் அதை அதிகம் சந்தேகிக்கிறேன்.

2015இல் நியூ லின் என்ற புறநகரில் எனக்கு ஒரு மருந்துக் கடை இருந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கத் தெருவில், பழைய வீடொன்றில் டாக்டர் பழனிவேலின் கிளினிக். அவர் எழுதும் சீட்டுகளால்தான் என் கடை நடந்தது. அந்த ஆண்டு கிளினிக்குக்குள்ளேயே ஒரு மருந்துக் கடை வைக்க அவர் மாநகரசபையிடம் அனுமதி கேட்டார். அது வீடுகளுக்கென்று ஒதுக்கிய தெரு. கிளினிக்குக்கே விதிவிலக்காகத்தான் இடம் கொடுத்திருந்தார்கள். கடை என்றால் விசாரணை நடத்தியாக வேண்டும். அனுமதி கிடைத்தால் ஆறு மாதத்தில் நான் கதவைச் சாத்த வேண்டியதுதான்.

ஆனால் அதை நான் அங்கே சொல்ல முடியாது. போட்டிக் கடைக்காரனின் நஷ்டத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்பது சட்டம். தெருவில் குடியிருக்கும் ஒருவர்தான் தெருவுக்காகப் பேச வேண்டும். கிளினிக்கை ஒட்டிய வீட்டில் தியாகலிங்கம் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், எழுபத்தெட்டு வயது. செவ்வாய்தோறும் ஒரு வாரத்து மாத்திரை அட்டையை வாங்க என் கடைக்கு வருவார்.

எதிர்ப்புப் படிவத்தை நான்தான் ஆங்கிலத்தில் நிரப்பினேன். ஒவ்வொரு வரியையும் அவருக்குத் தமிழில் சொன்னேன்.

"கார் நிறைய வரும், ஐயா. உங்க வாசல்லயே நிப்பாட்டுவாங்க."

"ஓம்."

"போர்டு வெளிச்சம் உங்க ஜன்னல்ல அடிக்கும்."

"ஓம், ஓம்."

என்னிடம் வேலை பார்த்த குணவதி அக்காவும் யாழ்ப்பாணம்தான். மாத்திரைகளை அட்டையில் அடைத்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, அவர் எல்லாத்துக்கும் ஓம் எண்டுதான் சொல்லுவார். கேட்டுக்கொண்டிருக்கிறன் எண்டு அர்த்தம். நீங்கள் மலேசியாக்காரர், அதை ஆமா எண்டு எழுதுறியள்."

"இவவுக்கு என்ன தெரியும்," என்றார் தியாகலிங்கம். "கடை இங்க இருந்தால் ரோட்டைக் கடந்து சாகலாம். அங்க வந்தால் கதிரையில இருந்து சாகலாம். எனக்கு ரெண்டும் ஒண்டுதான்."

"வாயைக் கழுவுங்கோ, ஐயா," என்றார் அக்கா.

படிவத்தில் கடைசியாக ஒரு கேள்வி: நேரில் பேச விருப்பமா?

"விசாரணைக்கு வந்து பேசுவீங்களா, ஐயா?"

அவர் அட்டையைப் பையில் வைத்துக் குடையை எடுத்தார். "ஓம். வாறன்." வெளியே போய்விட்டார்.

யாழ்ப்பாணத்தார் விடைபெறும்போதும் அப்படித்தான் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். இருந்தும் விருப்பம் உண்டு என்ற கட்டத்தில் சரிக்குறி போட்டேன்.

விசாரணைக்குப் பத்தொன்பது நாள் இருக்கும்போது அவர் தன் வீட்டு நாற்காலியில், அவர் சொன்ன அந்தக் கதிரையில், இருந்தபடியே இறந்துபோனார். மாரடைப்பு. அடுத்த செவ்வாய்க்கான அட்டை எங்கள் அலமாரித் தட்டில் கிடந்தது. குணவதி அக்கா அதைப் பிரித்து மாத்திரைகளைக் கழிவுப் பெட்டியில் கொட்டினார்.

"சபைக்கு அறிவிக்க வேணும், தம்பி."

"சொல்றேன்க்கா."

சொல்லவில்லை. அவர் பேரில் கொடுத்த படிவமாவது இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன்.

விசாரணை பகல் பதினொரு மணிக்கு. ஆணையராக ஒரு பெண்மணி, பக்கத்தில் குறிப்பெடுப்பவர். பேச வருகிறவர்களுக்குத் தனி மேசை, ஒரு நாற்காலி, ஒரு மைக். பொத்தானை அழுத்தினால் மைக்கில் சிவப்பு விளக்கு எரியும். டாக்டர் பழனிவேல் முதலில் பேசினார். உடம்பு முடியாதவர்கள் ஏன் மழையில் ரோட்டைக் கடக்க வேண்டும் என்று கேட்டார். என் கடைக்கு அவர்கள் அப்படித்தான் வந்தார்கள்.

பிறகு குறிப்பெடுப்பவர் அடுத்த பெயரைத் துண்டு துண்டாக வாசித்தார்: தியாகலிங்கம்.

நான் எழுந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். எழவில்லை. காலி நாற்காலிக்கு முன்னால் மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்தது. டாக்டர் அணைக்க மறந்திருக்கலாம். அவர் அணைத்ததைப் பார்த்ததாகத்தான் எனக்கு நினைவு.

"ஓம்."

சத்தமாக இல்லை. கூரையிலிருந்த ஒலிபெருக்கிகளில் வந்தது. குனிந்து எழுதிக்கொண்டிருந்த ஆணையர் நிமிர்ந்து எங்கள் வரிசைகளைப் பார்த்தார். வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். நன்றி என்று சொல்லி, மீண்டும் எழுதினார்.

கார் நிறுத்துமிடத்தில் டாக்டர் என்னைத் தேடி வந்தார். "நரேந்திரன், அது நீங்கதானே?"

"இல்ல, டாக்டர்."

"அவருக்கு டெத் சர்டிபிகேட் எழுதினது நான்." பிறகு சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தக் கார் தன்னுடையது என்று தெரியாதவர்போல் கொஞ்ச நேரம் நின்றார்.

அனுமதி மறுக்கப்பட்டது. தீர்ப்பில் ஒரு வரி இருந்தது: அருகில் குடியிருப்பவர் தன் தெரு என்னவென்று ஒரே சொல்லில் கூறினார், 'ஹோம்' என்று.

அதன் பிரதி இறந்தவரின் முகவரிக்கும் போயிருந்தது. அவருடைய மகன் திலக்சன் அதை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தான். ஆங்கிலத்தில்தான் பேசினான். "அப்பா அந்த வீட்டை ஒருநாளும் ஹோம் என்று சொன்னதில்லை. ரென்ட் வீடு என்றுதான் சொல்வார். விசாரணை நடந்தபோது அவர் உயிரோடு இல்லை என்று உங்களுக்குத் தெரியுமா?"

"ஓம்," என்றேன்.

குணவதி அக்காவின் கை மாத்திரை அட்டையின் மேல் நின்றுவிட்டது. "எப்ப இருந்து ஓம் எண்டு சொல்லுறியள், தம்பி?" என்று மெல்லக் கேட்டார்.

அந்தச் சொல் என் வாயிலிருந்துதான் வந்தது. குரல் எனக்குப் பழக்கமானதாக இல்லை. திலக்சன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான். விசாரணையின் ஒலிப்பதிவைச் சபையில் கேட்டு வாங்கலாம். நான் கேட்கவில்லை.

டாக்டர் பழனிவேல் 2017இல் கிளினிக்கை ரயில் நிலையத்தருகே கடைத்தெருவுக்கு மாற்றினார். அங்கே மருந்துக் கடை கிளினிக்குக்குள்ளேயே இருக்கிறது. என் கடை அடுத்த ஆண்டு மூடப்பட்டது. குணவதி அக்கா டாக்டரின் மருந்துக் கடையில் வேலை செய்கிறார். தியாகலிங்கம் இருந்த வீட்டை இடித்துவிட்டு நான்கு வீடுகள் கட்டியிருக்கிறார்கள். திலக்சன் நகரின் மறுகோடியில், பிளாட் புஷ்ஷில், வீடு வாங்கிக்கொண்டு போனான். நான் நகர மையத்தில் வேறொருவரின் கடையில் மருந்து கொடுக்கிறேன்.