புதுப்பழத்தின் சுவை

போலந்தின் பிளோன்ஸ்க் ஊர் ஜாம் ஆலைகளுக்காக நான் உருவாக்கிய ஸ்ட்ராபெர்ரி ரகம் பதிவுக்கு விண்ணப்பிக்கும் நிலைக்கு வரப் பதினொரு வருடம் ஆயிற்று. விண்ணப்பத்தில் அலுப்போடு எழுதிக்கொண்டே வந்தேன்: உள்ளே வரை சிவப்பு, காம்பு இழுத்ததும் கழன்றுவிடும், உறையவைத்து எடுத்தாலும் குழையாது. 'புதுப்பழத்தின் சுவை' என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. ஆலைக்குப் போவது சர்க்கரை போட்டு உறையவைத்த பழம் என்பதால், இத்தனை வருடமும் நான் சுவை பார்த்ததும் அதை மட்டும்தான்.

தோட்டத்துக்குப் போய், பழம் பறிக்கும் யாத்விகாவிடம் கேட்டேன்.

"எனக்கெப்படித் தெரியும் டாக்டரம்மா? ஒண்ணை வாயில போட்டாலும் எடைக்கணக்கு கெட்டுப்போயிடும்னு வருஷா வருஷம் கத்தறது யாரு?"

செடியிலிருந்து பறித்து ஆளுக்கொன்று கடித்தோம். பல் கூசியது. 'கடும் புளிப்பு' என்று எழுதினேன்.

யாத்விகா துப்பிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள். "நல்லவேளை, இத்தனை வருஷமா எங்களைத் திங்க விடல."