சிறுகுறிஞ்சான் வேலை செய்யும்

தாவர மருந்து ஆய்வுக்கூடத்துக்கு யார் வந்தாலும், அங்கே ஆய்வாளராக இருக்கும் அவள் முதல் வேலையாகச் சிறுகுறிஞ்சான் கொடியிலிருந்து இரண்டு இலை கிள்ளிக் கொடுத்து மெல்லச் சொல்வாள். பிறகு ஒரு கரண்டி சர்க்கரையை வாயில் போடச் சொல்வாள். வந்தவர் முகம் கோணிக்கொள்ளும். சர்க்கரை வெறும் மணலாக நாக்கில் நெருடும்.

"கண்கட்டு வித்தை இல்ல. நாக்குல இனிப்பை உணர்ற இடத்தை இலைச்சாறு கொஞ்ச நேரம் அடைச்சிடுது," என்பாள்.

ரத்தத்தில் உள்ள சர்க்கரையையும் இந்தக் கொடி குறைக்கிறதா என்பதே அவள் ஆய்வு. குறைக்கலாம் என்று சில சின்ன ஆய்வுகள் காட்டியிருந்தன. அடித்துச் சொல்லும் அளவுக்குப் பெரிதாக யாரும் செய்யவில்லை. அதைத் தன்னால் செய்துகாட்ட முடியும் என்பதில் அவளுக்குத் துளியும் சந்தேகம் இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் இதே பேச்சுதான். அக்கா காதில் வாங்கிக்கொள்ள மாட்டாள். அத்தான் மட்டும் பருப்பைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். அவர் பேருந்து ஓட்டுநர், சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர். அவளை 'விஞ்ஞானி' என்றுதான் கூப்பிடுவார். கேட்டதோடு நிற்காமல், நாற்றுப் பண்ணையில் ஒரு கொடி வாங்கிவந்து பின்புற வேலியில் ஏற்றிவிட்டார். அது என்ன கொடி என்று வீட்டில் யாரிடமும் அவர் மூச்சுவிடவில்லை.

ஒருநாள் காலை, அவள் ஆய்வுக்கூடத்தில் இருக்கும்போது தொலைபேசி அடித்தது.

"மேடம், உங்க அத்தானோட பஸ் கண்டக்டர் பேசறேன். பாலம் ஏறும்போது அவருக்குக் கை நடுங்கிடுச்சு. எப்படியோ வண்டியை ஓரங்கட்டிட்டார். சட்டையெல்லாம் வேர்வை. சர்க்கரை இறங்கியிருக்கும்னு ஒரு பாப்பாகிட்ட மிட்டாய் வாங்கிக் குடுத்தேன். மண்ணைக் குடுக்கறியான்னு துப்பறார். விஞ்ஞானிக்குப் போடு, விஞ்ஞானிக்குப் போடுங்கறார்."

மண் என்ற சொல் கேட்டதுமே அவளுக்குப் பொறிதட்டியது.

"காலையில ஏதாவது இலை மென்னாரா?"

"வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி எப்பவும் மெல்லுவாரே. இன்னிக்கும் மென்னார்."

"ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டீங்களா? சரி. நினைவோட இருக்காரா? முழுங்க முடியுதா?"

"முடியுது."

"பழச்சாறு, சர்க்கரைத் தண்ணி, எது கிடைச்சாலும் குடுங்க. போனை அவர் காதுல வைங்க."

அத்தானின் மூச்சு மட்டும் கேட்டது.

"அத்தான், நான்தான். குடுக்கறதைக் குடிங்க."

"மண்ணு மாதிரி இருக்கு," என்றார் அவர் நாக்குழற.

"இருக்கட்டும். நாக்குக்குத்தான் தெரியல, ரத்தத்துக்குத் தெரியும். கண்ணை மூடிக்கிட்டு முழுங்குங்க."

ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் பழச்சாறு புட்டி காலியானது. ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது, பயணிகளை வேறு வண்டியில் ஏற்றிவிட்டாயா என்று அவர் கண்டக்டரை அதட்டும் அளவுக்குத் தெளிந்திருந்தார்.

மருத்துவமனையில் டாக்டர் இலைக்கதையைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "இலை என்னம்மா பண்ணப் போகுது? காலைல சாப்பிடாம வந்திருப்பார்."

"சாப்பிடலதான் டாக்டர். ஆனா இதே மாத்திரையைப் போட்டுக்கிட்டு எத்தனையோ நாள் சாப்பிடாம ஓட்டியிருக்கார், ஒண்ணும் ஆகல. மாத்திரை இழுக்கற பக்கமே இலையும் இழுத்தா? இலைதான்னு என்னால நிரூபிக்க முடியாது. இல்லைன்னு விட்டுடவும் முடியாது. இலைக்கு ஒரு சக்தியும் இல்லைன்னா எனக்கு வேலையே இல்ல."

டாக்டர் பேனாவை நிறுத்தி அவளைப் பார்த்தார். பிறகு, இலை ஈரலையும் பாதித்திருக்கிறதா என்று பார்க்க ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். மாத்திரை தொடரட்டும், இலை இன்றோடு நிற்கட்டும் என்று முடிவானது.

அக்கா பிடித்துக்கொண்டாள். "உன் வாய்தான்டி எல்லாத்துக்கும் காரணம்."

"அவளை ஏன் திட்டறே? மாத்திரையோட சேர்த்துத் தின்னுங்கன்னு அவ சொன்னாளா?" என்றார் அத்தான்.

"சேர்க்காதீங்கன்னும் சொல்லலையே அத்தான்," என்றாள் அவள். "சரி, வேற யாருக்காவது இலை குடுத்தீங்களா?"

அத்தான் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார். "டிப்போல கொஞ்சம் பேருக்கு."

"கொஞ்சம்னா?"

"கேட்டவங்களுக்கெல்லாம்."

மறுநாள் டிப்போவுக்குப் போக அனுமதி கேட்டபோது ஆய்வுக்கூடத் தலைவர் நெற்றியைச் சுருக்கினார். "பெரிய ஆய்வு தொடங்கற நேரம். நம்ம கொடிக்கு நாமே கெட்ட பேர் வாங்கித் தரணுமா?"

"கொடி வேலை செய்யும்னு சொல்ற நாமதான் சார், யாரு ஜாக்கிரதையா இருக்கணும்னும் சொல்லணும். நாம மூடி மறைச்சா அதுதான் கெட்ட பேர்."

 தலைவர் அலமாரியிலிருந்து சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்துக்கொண்டு, "கிளம்புங்க, நானும் வரேன்," என்றார்.

டிப்போ ஓய்வறையில் டீசல் வாடையும் தேநீர் ஆவியும் கலந்திருந்தன. அவள் பாலத்தில் நடந்ததை அப்படியே சொன்னாள். சர்க்கரை மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொண்டே இலையும் மெல்லுகிறவர்கள் முன்னால் வரவேண்டும் என்றாள். ஒருவரும் அசையவில்லை. பின் வரிசையில் இருந்த மீசைக்கார ஓட்டுநர் எழுந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார். அவருக்குப் பின்னால் ஒரு மெக்கானிக், நேரக் கண்காணிப்பாளர் அம்மா என்று வரிசை சன்னல்வரை நீண்டது.

தலைவர் விரல்களில் ஊசி குத்த, அவள் அவரவர் மாத்திரையைக் கேட்டு எழுதினாள். மீசைக்காரருக்கு அளவு மிகக் குறைவாக இருந்தது. அவருக்கு இன்னும் அரைமணி நேரத்தில் வண்டி எடுக்கவேண்டிய முறை.

"எனக்கு ஒண்ணும் தெரியலையேம்மா," என்றார் அவர்.

"சில பேருக்குத் தெரியாதுங்கய்யா. முதல்ல இந்த டீயைக் குடிங்க, சர்க்கரை போட்டது. இன்னிக்கு வண்டி வேண்டாம். நேரா உங்க டாக்டர்கிட்ட போங்க, இலை மென்னதையும் மறைக்காம சொல்லுங்க."

அவர் மறுபேச்சுப் பேசாமல் குடித்தார். அவர் வழித்தடத்துக்கு மேலாளர் வேறு ஆளை அனுப்பினார்.

டாக்டர் சரி என்ற பிறகே அத்தான் வேலைக்குத் திரும்பினார். அதற்குள் பெரிய ஆய்வின் திட்டத்தை அவள் திருத்தி எழுதியிருந்தாள். மாத்திரை எடுப்பவர்களைத் தனிக் குழுவாக வைத்து, மருத்துவர் கண்காணிப்பில்தான் அவர்களுக்கு இலை என்று அதில் சேர்த்தாள். ஈரல் பரிசோதனை எல்லோருக்கும் கட்டாயம். அனுமதிக் குழு இரண்டே கேள்வி கேட்டு ஒப்புக்கொண்டது. முதலில் பேர் கொடுக்க வந்தவர் நேரக் கண்காணிப்பாளர் அம்மா.

"என்னை எந்தக் குழுல போடுவீங்க?" என்றார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு.

"உட்காருங்க, பார்த்துடலாம்," என்று அவர் விரலை நீட்டச் சொன்னாள் அவள்.