நிழல்காரியின் கல்யாணம்

சின்னவள் எழுதிய நாவலைத் தூக்கிக்கொண்டு அண்ணியும் அவளும் ஏறி இறங்காத பதிப்பகம் இல்லை. ஒருவர், "மந்திரம் மாயமா? சின்னப் பிள்ளைங்க புத்தகத்துக்கு இவ்வளவு பக்கம் ஆகாதும்மா" என்றார். இன்னொருவர் தாள் கட்டைக் கையில் தூக்கி எடை பார்த்துவிட்டு, "சமையல் குறிப்பு ஏதாவது எழுதி வெச்சிருக்கியா?" என்று கேட்டார். வேறொருவர் ஒன்றுமே கேட்கவில்லை. கட்டு மட்டும் மூலை மடங்கி, டீக்கறையோடு திரும்பி வந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அண்ணி அந்த மூலையை நீவிக்கொண்டே வந்தாள். "கழுதைக்குத் தெரியுமாடி கற்பூர வாசனை? விடு" என்றாள்.

சின்னவள் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். படிப்பு வராமல் இல்லை, பேச்சு வராமல். எழுந்து வாசி என்று டீச்சர் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும். வகுப்பு கொல்லென்று சிரிக்கும். ஒருநாள் காய்ச்சல் என்று படுத்தாள். காய்ச்சல் போன பிறகும் எழுந்து போகவில்லை.

அண்ணனைக் கட்டிக்கொண்டு அண்ணி அந்த வீட்டுக்கு வந்தபோது கூடவே தையல் மெஷினும் வந்தது. சட்டைக் கம்பெனிக்குக் காலர் தைத்துக் கொடுக்கும் வேலை. சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்து நூல் வெட்டுவாள். இந்தப் பெண் எதையோ எழுதி எழுதிப் பாய்க்கு அடியில் செருகுகிறாள் என்று கண்டுபிடிக்க அண்ணிக்கு அதிக நாள் ஆகவில்லை. கேலி செய்யவில்லை, அண்ணனிடம் போட்டுக்கொடுக்கவும் இல்லை. "மெஷின் ஓடறப்ப படி. சத்தத்துல வேற யாருக்கும் கேட்காது, எனக்குக் கேட்கும்" என்றாள்.

அப்படித்தான் சின்னவளின் குரல் முதன்முதலாக வெளியே வந்தது. கதை ஒரு நகரத்தைப் பற்றியது. உள்ளே வருகிறவர்கள் தங்கள் நிழலை வாசலில் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் வரவேண்டும். நிழல்களை வாங்கி மடித்து, கிடங்கில் அடுக்கி, பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொள்பவள் ஒரு பெண், நிழல்காரி. திருப்பிக் கொடுக்க முடியாது என்று ராஜா ஒருநாள் கிடங்கைப் பூட்டிவிடுகிறான். அண்ணி காலரைத் திருப்பிக்கொண்டே, "அவன் விளங்குவானா?" என்று ராஜாவைத் திட்டுவாள். ஆனால் கடைசி அத்தியாயத்தில், பூட்டு திறக்க நிழல்காரி தன் நிழலையே விலையாகக் கொடுக்கப் போகிற இடம் வந்ததும் மெஷினை நிறுத்திவிட்டாள்.

"போதும்டி. அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது. மீதியை நீயே வெச்சுக்க."

மீதிதான் சின்னவள் எழுதியதிலேயே அவளுக்கு மிகவும் பிடித்த பக்கம். அதை அண்ணி கேட்கவே இல்லை.

இப்போது இருவரும் வந்திருப்பது சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் சின்னப் பதிப்பகம். சுவரோரம் கழுத்தளவுக்குப் புத்தகக் கட்டுகள். பசை வாசனை. மின்விசிறிக்குப் பறக்காமல் ஒவ்வொரு தாள் குவியலின் மேலும் ஒரு உடைந்த ஓட்டுத் துண்டு. மூக்குக்கண்ணாடியைத் தலைக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு அதைத் தேடிக்கொண்டிருந்த பெண்மணிதான் பதிப்பாளர்.

"தலையில இருக்கு மேடம்" என்றாள் அண்ணி.

"அட, ஆமாம். உட்காருங்க. கட்டை அப்படியே வைங்க, நான் முதல்ல படிக்க மாட்டேன். கதையை வாயால சொல்லணும். கேட்டு முடிச்ச பிறகும் ஆசை அடங்கலைன்னா படிப்பேன். யாரு எழுதினது?"

அண்ணி கையைக் காட்டினாள். சின்னவள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"இவ பேசினா முத்து உதிர்ந்துடும் மேடம். நான் சொல்றேன்."

அண்ணி சொன்னாள். கையால் நிழலை மடித்துக் காட்டினாள். ராஜா போல முறைத்தாள். கிடங்கு வாசலில் நின்று அழும் சனங்களாகவும் அவளே ஆனாள். பதிப்பாளர் மேசை மேல் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பூட்டு வரைக்கும் வந்தாயிற்று. அதற்கு மேல் அவளுக்குத் தெரியாது. ஆனால் அதற்காக நிற்கிற ஆளா?

"அப்பத்தான் மேடம், குதிரையில வர்றான் படைத்தலைவன்!"

சின்னவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். அவள் நாவலில் குதிரையே கிடையாது.

"நல்ல உயரம். குடி கிடி எந்தப் பழக்கமும் இல்லை. ஒரே உதை, கதவு தூள்! நிழல் எல்லாம் அவங்கவங்ககிட்ட ஓடிடுச்சு. ராஜா தலைமறைவு. நிழல்காரிக்கும் படைத்தலைவனுக்கும் ஊரே கூடிக் கல்யாணம்."

பதிப்பாளர் மேசையைத் தட்டினார். "இது போதும்! மாயக் கதைன்னா சனங்க தயங்குவாங்க, கல்யாணம்னா கை நீட்டி வாங்குவாங்க. இந்த முடிவுக்காகவே போடலாம்."

மேசைக்கு அடியில் அண்ணி சின்னவளின் கையைப் பிடித்து நசுக்கினாள். முகமெல்லாம் பல்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் புத்தகம் வந்துவிடும். ஒரு அத்தியாயத்தை மாற்றினால் ஆயிற்று. வாயைத் திறந்தால் இத்தனை படியேறிய அண்ணியைப் பொய்க்காரி ஆக்கியதாகும். புத்தகமும் கையை விட்டுப் போகும். ஆனால் அந்தக் கடைசிப் பக்கத்தை அவள் அண்ணியை நினைத்துத்தான் எழுதினாள். படைத்தலைவனைக் குதிரையோடு உள்ளே விட்டால் அண்ணி வெளியே போய்விடுவாள்.

"கல்யாணம் இல்லீங்க" என்றாள் சின்னவள்.

அண்ணி அவளைப் பார்த்த பார்வையில் கோபத்தை விட ஆச்சரியம்தான் அதிகம்.

"அப்போ?" என்றார் பதிப்பாளர்.

"அவ... அவ நிழலைக் குடுத்துடறா. பூட்டு திறக்குது. எல்லாரும் அவங்க நிழலை வாங்கிட்டுப் போயிடறாங்க. அவளுக்கு மட்டும் இல்லை." எச்சிலை விழுங்கிக்கொண்டு தொடர்ந்தாள். "மறுநாள் வெயில்ல அவ தெருவுல நடந்து போறா. யாரும் ஒண்ணும் சொல்லலை. ஆனா எதிர்ல வர்ற ஒவ்வொருத்தரும் கொஞ்சம் ஒதுங்கி, அவங்க நிழல் அவ மேல விழற மாதிரி நிக்கறாங்க. ஒருத்தர் நிழல் முடியற இடத்துல இன்னொருத்தர். அவ வீடு வரைக்கும் வெயிலே படாம போய்ச் சேர்றா. அவ்வளவுதான்."

பதிப்பாளர் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டார். பிறகு அண்ணி பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. எது நல்லா இருக்கு?"

அண்ணி முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். "இவ்வளவு நாளா இதையா நான் கேட்காம விட்டேன்? நாசமாப் போச்சு என் புத்தி. இவ சொன்னதுதான் மேடம். அந்தத் தடியனைத் தூக்கி வெளியே போடுங்க."

"படைத்தலைவன் நாவல்ல எத்தனை பக்கம் வர்றான்?"

"வரவே இல்லீங்க" என்றாள் சின்னவள். "அண்ணி பார்த்த மாப்பிள்ளை."

பதிப்பாளர் சிரித்த சிரிப்பில் ஓட்டுத் துண்டு ஒன்று கீழே விழுந்தது. கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "முழுசா படிச்சிட்டுத்தான் முடிவு சொல்வேன். ஆனா இதை வேற யார்கிட்டயும் குடுத்துடாதீங்க. என்ன?"

படியிறங்கித் தெருவுக்கு வந்தார்கள். சைக்கிள் மணிகளுக்கு நடுவே சின்னவள் நின்று, "ரொம்ப நன்றி அண்ணி" என்றாள், நல்ல சத்தமாகவே.

"வேத்து ஆள் மாதிரி நன்றியா சொல்ற? வாய் வந்துடுச்சுன்னு என்கிட்டயே காட்டறியா?" அண்ணி அவள் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தாள். கொஞ்ச தூரம் நடந்தாள். பிறகு, "அந்தக் கடைசியை இன்னொரு தடவை சொல்லு" என்றாள். "மெதுவாச் சொல்லு. யாரு முதல்ல ஒதுங்கி நின்னது?"

"ஒரு தையல்காரிதான் அண்ணி" என்று ஆரம்பித்தாள் சின்னவள்.