பக்கம் 31க்கும் பக்கம் 35க்கும் நடுவில்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறு நாட்களுக்கு முன் ஒரு பெண் என் வீட்டுக்கு வந்து, ஒரு வரி எழுதித் தரச் சொன்னாள். ஒரே வரி, கீழே என் கையெழுத்து. "யோசிச்சுச் சொல்றேம்மா" என்று அவளை அனுப்பிவிட்டு, அன்று சாயங்காலமே கதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் அறிக்கை எழுதிப் பிழைக்கிறவன். குழு, துணைக்குழு என்று யார் கூடிப் பேசினாலும், பேசியதைக் குறிப்பெடுத்து, அத்தியாயம் பிரித்து, யாருக்கும் நோகாமல் எழுதிக் கொடுப்பேன். கதை எழுதுவது விடுமுறை நாட்களில் மட்டும். என் அறிக்கைகளில் யாரும் சாவதில்லை, 'உயிரிழப்பு ஏற்படுகிறது', அவ்வளவுதான்.

இந்தக் கதையில் இரண்டு பேர் சாகிறார்கள். அண்ணனும் தம்பியும். கடைசிவரை ஒளித்துவைத்து உங்களைத் தூக்கிவாரிப்போட வைக்கும் உத்தேசம் எனக்கு இல்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"அந்த அறையில் ஆறு மேசைகள். ஒவ்வொன்றிலும் ஒரு திரை, ஒரு ஹெட்போன். ஜன்னலுக்கு வெளியே வெயில் இலைகளின் மேல்..."

(அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. இலை அழகுக்குப் போட்டது. விடுங்கள்.)

இரண்டாம் முயற்சி:

"மூன்றாம் மேசைக்காரிக்குக் கல்யாணமாகி..."

(பெண் என்றதும் கல்யாணத்தில் போய் நிற்கிறது கை. இதையும் விடுங்கள்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். அது ஒரு பெருநகரத்தின் அவசர அழைப்புக் கட்டுப்பாட்டு அறை. தீ, விபத்து, நெஞ்சுவலி, எதுவானாலும் போன் அங்கேதான் வரும். அங்கே ஆட்களை மேசை எண்ணால்தான் கூப்பிடுவார்கள். நம் ஆள் மூன்றாம் மேசை. பதினோரு வருட சர்வீஸ். போனில் அழுகிறவர்களிடம் முகவரியை வாங்குவதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

நகரத்தின் கிழக்கு ஓரத்தில் அகலமாக ஒரு சாலை. அதன் ஒரு வரிசை வீடுகள் நகரத்தைச் சேர்ந்தவை, எதிர் வரிசை பக்கத்து ஊரைச் சேர்ந்தது. இரண்டு ஊருக்கும் தனித்தனித் தீயணைப்பு, தனித்தனி ஆம்புலன்ஸ், தனித்தனிக் கட்டுப்பாட்டு அறை. இவர்கள் வயர்லெஸ்ஸில் பேசினால் அவர்களுக்குக் கேட்காது. மேசை போனிலோ அழைப்பு உள்ளே வரும், வெளியே கூப்பிட முடியாது. நகரத்து வண்டி அந்தச் சாலைக்குப் போய்ச் சேர இருபத்தைந்து நிமிடம் ஆகும். பக்கத்து ஊர் தீயணைப்பு நிலையத்திலிருந்து நான்கே நிமிடம்.

இதற்கு மூன்றாம் மேசை தானாகவே ஒரு வழி வைத்திருந்தாள். பக்கத்து ஊர்க் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்க்கும் ஓர் அக்காவின் சொந்த நம்பர். எல்லைச் சாலையிலிருந்து அழைப்பு வந்தால், தன் கைபேசியை எடுத்து அக்காவைக் கூப்பிடுவாள்.

"அக்கா, எங்க வரிசை வீடுதான். ஆனா உங்க வண்டிதான் கிட்ட."

"நம்பர் சொல்லு... சரி, சொல்லிட்டேன்."

"கிளம்பிருச்சா?"

"இரு, டிரைவர் ஏறட்டும். ம், கிளம்பிருச்சு. வை."

அதைக் காதால் கேட்காமல் அவள் போனை வைக்க மாட்டாள். ஏழு வருடம் இப்படித்தான் ஓடியது. இரண்டு பேரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. ஆனால் அக்கா வீட்டுக்காரருக்கு முதுகில் நடந்த ஆபரேஷன் வரை இவளுக்குத் தெரியும்.

(ஓரக்குறிப்பு: அறிக்கையில் நான் அவளை 'அவர்' என்றுதான் எழுதியிருந்தேன். கதைக்குள் வந்ததும் 'அவள்' ஆகிவிட்டாள். நெருக்கம் என்று நான் சொல்லிக்கொள்ளலாம். அவளைக் கேட்டால் என்ன சொல்வாளோ.)

3

இந்த இரண்டு ஊர்களின் அவசரச் சேவைகளும் தங்களுக்குள் தகவலை ஒழுங்காகப் பகிர்ந்துகொள்ள வழி காண்பதற்காக ஒரு குழு போட்டார்கள். நல்ல நோக்கம்தான், அதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை. எட்டு மாதம் கூடினார்கள். அறிக்கை எழுதியவன் நான்.

பணியாளர்களிடம் கருத்துக் கேட்க ஒருநாள் ஒதுக்கினார்கள். ஆளுக்குப் பத்து நிமிடம். மூன்றாம் மேசை தேய்த்த சீருடையில் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். அக்காவைப் பற்றி, போனைப் பற்றி, 'கிளம்பிருச்சு' என்று கேட்ட பிறகுதான் வைப்பேன் என்பதைப் பற்றி, ஒன்றுவிடாமல் சொன்னாள். அவள் முகத்தில் இருந்தது பெருமை. பாராட்டுவார்கள் என்று நினைத்திருப்பாள். தலைவர் "ரொம்ப நல்லதும்மா" என்றார். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அது அறிக்கையில் எப்படி வந்தது என்று பாருங்கள். பக்கம் 31: "பணியாளர்கள் சொந்தக் கைபேசிகளில் முறைசாராத் தொடர்பு வைத்திருப்பது தெரியவருகிறது. இது உடனடியாக நிறுத்தப்பட வேண்டும். பணிநேரத்தில் கைபேசிகள் அறைக்கு வெளியே பூட்டி வைக்கப்பட வேண்டும்."

பக்கம் 35: "பகிரப்பட்ட அழைப்பின் பேரில் வண்டி புறப்பட்டதா என்பதைப் பின்தொடர்ந்து உறுதிசெய்வது பகிர்ந்த பணியாளரின் பொறுப்பு."

போனைப் பிடுங்கியவனும் நான்தான், போன் பண்ணிக் கேள் என்றவனும் நான்தான். முப்பத்தொன்றை எழுதியது சாப்பாட்டுக்கு முன், முப்பத்தைந்தை எழுதியது சாப்பிட்டு வந்த பின். நடுவில் இருந்த மூன்று பக்கமும் வரைபடங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் படிக்கவில்லை. நானும் படிக்கவில்லை.

அவளுடைய சாட்சியமோ 'பொதுவான கருத்துகள்' என்ற தலைப்பில் கரைந்துபோனது. அவள் சொன்னது சொன்னபடியே இருப்பது என் நோட்டில் மட்டும்தான்.

4

புதிய மென்பொருள் வந்தது. திரையில் 'பகிர்' என்று ஒரு பொத்தான். அழுத்தினால் பக்கத்து ஊர்த் திரைக்குத் தகவல் போய்விடும், இங்கே பச்சை விளக்கு எரியும். அறை வாசலில் கைபேசிகளுக்கு இரும்பு லாக்கர் வைத்தார்கள்.

நான்கு மாதம் கழித்து, ஒரு பகல், மணி ஒன்று பத்து. எல்லைச் சாலையில் நகரத்து வரிசை வீட்டுக்காரர் ஒருவர் கூப்பிட்டார்.

"தண்ணித் தொட்டி கழுவ இறங்கினவரு பேச மாட்டேங்கறாருங்க. மயங்கிட்டாரு போல. அவரு தம்பி இறங்கறேன்னு நிக்கறாரு."

"இறங்க விடாதீங்க சார். உள்ள காத்து கெட்டுப்போயிருக்கும். அவரைப் பிடிச்சு உக்கார வைங்க. மூச்சுக்கருவியோட வண்டி வருது."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"நாலு நிமிஷம். அவர்கிட்ட சொல்லுங்க, நாலே நிமிஷம்."

அவள் பொத்தானை அழுத்தினாள். பச்சை எரிந்தது. அடுத்த அழைப்பு வந்துவிட்டது.

அந்தப் பச்சைக்குப் பின்னால் நடந்தது இதுதான். பக்கத்து ஊர் மென்பொருள் வீட்டு எண்ணைப் பார்த்தது. எங்கள் எல்லை இல்லை என்று, மணி அடிக்காமல், 'தெரிந்துகொள்வதற்காக மட்டும்' என்ற பட்டியலில் போட்டுவிட்டது. அக்காவின் திரையில் அது நாற்பத்திரண்டாவது வரி. இங்கேயோ, பகிர்ந்த அழைப்புக்கு இரண்டு ஊரும் வண்டி அனுப்பி எரிபொருள் வீணாகக் கூடாது என்று ஒரு விதி இருந்ததால், நகரத்து வண்டிக்கும் சொல்லப்படவில்லை. தகவல் மிகச் சரியாகப் பகிரப்பட்டது. வண்டிதான் எங்கிருந்தும் போகவில்லை.

தம்பி காத்திருந்தான். நாலு நிமிஷம் என்று சொல்லியிருக்கிறார்களே என்று, வீட்டுக்காரரின் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே ஒன்பது நிமிடம் உட்கார்ந்திருந்தான். பத்தாவது நிமிடம் அவர் கையை உதறிவிட்டு இறங்கிவிட்டான்.

(இங்கே அவன் கடைசியாகச் சொன்னதாக ஒரு வசனம் எழுதியிருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. அவன் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. அடித்துவிட்டேன்.)

வீட்டுக்காரர் மறுபடி கூப்பிட்டபோது மணி ஒன்று இருபத்தொன்பது. அந்த அழைப்பு ஐந்தாம் மேசைக்குப் போனது.

5

இந்த இடத்தில் எனக்கு என் கதாபாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. லாக்கர் ஒன்றும் கடல் தாண்டி இல்லையே, எழுந்துபோய் எடுத்திருக்கலாமே. அவள் என் வீட்டுக்கு வந்த அன்று அதைத்தான் முதலில் கேட்டேன். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

"பன்னெண்டு அடி சார்" என்றாள். "அப்புறமா எண்ணிப் பார்த்தேன். அதுக்கு முந்தின வாரம்தான் லாக்கரைத் திறந்ததுக்கு ரெண்டாம் மேசைக்கு மெமோ கொடுத்தாங்க. அதுவுமில்லாம பச்சை எரிஞ்சுது சார். பச்சை எரிஞ்சா அவங்க பார்த்துக்குவாங்கன்னுதான் பயிற்சியில சொன்னாங்க."

இப்போது அவளுக்கே மெமோ. பக்கம் 35ஐ அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள்: வண்டி புறப்பட்டதா என்று உறுதிசெய்யத் தவறியதால் இரண்டு உயிரிழப்பு. வேலை போகும். அது போனால்கூடப் பரவாயில்லை என்றாள். இரண்டு பேரைக் கொன்றவள் என்று கோப்பில் எழுதி மூடிவிடுவார்கள், அதைத்தான் தாங்க முடியாது என்றாள்.

"அக்கா என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"அன்னிக்கு ராத்திரி கூப்பிட்டு அழுதாங்க. ஏண்டி எனக்கு ஒரு போன் பண்ணலேன்னு. பூட்டி வெச்சிருந்தேன்க்கான்னேன். நானும்தாண்டி பூட்டி வெச்சிருந்தேன்னாங்க. விசாரணையில என்னைத் தெரியாதுன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க சார். நேர்ல பார்த்ததே இல்லைன்னு. அது உண்மைதானே."

பிறகு பையிலிருந்து அறிக்கையின் நகலை எடுத்தாள். கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், தொகுத்தவர் என்று என் பெயர்.

"ரெண்டு பக்கமும் நீங்க எழுதினதுதானே சார்? முப்பத்தொண்ணுபடி நடந்தா முப்பத்தஞ்சுபடி நடக்க முடியாதுன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க. போன் விஷயத்தை நான் முன்னாடியே கமிட்டியில சொன்னேன்னும் சேர்த்துக்குங்க. நோட்டுல எழுதினீங்களே, நான் பார்த்தேன்."

"இதை ஒரு கதையா எழுதலாம்னு இருக்கேன்மா. நிறைய பேரு படிப்பாங்க."

அவள் நகலை மடித்துப் பையில் வைத்தாள்.

"விசாரணை அதிகாரி கதையெல்லாம் படிப்பாரா சார்?"

அப்போதுதான் "யோசிச்சுச் சொல்றேம்மா" என்று அவளை அனுப்பிவைத்தேன். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். முதல் அறிக்கை ஏன் ஒழுங்காக நடைமுறைக்கு வரவில்லை என்று ஆராய இரண்டாவது குழு போட்டிருக்கிறார்கள். அதற்கும் அறிக்கை எழுத என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். என் அறிக்கையில்தான் ஓட்டை என்று நானே எழுதிக் கொடுத்தால், அந்த வேலையோடு அடுத்த வேலையும் போய்விடும்.

6

முடிவுகளுக்கு வருவோம்.

முடிவு ஒன்று. எழுதுகிறவன் நோட்டைத் தூக்கிக்கொண்டு விசாரணைக்குப் போகிறான். அறையே வாயடைத்துப் போகிறது. மூன்றாம் மேசைக்கு வேலை திரும்பக் கிடைக்கிறது.

இதை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "தொட்டிக்குள்ள செத்தது ரெண்டு பேரு. கதையில கைத்தட்டு வாங்கறது நீங்களா?" என்றாள். அதோடு சரி, கீரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

முடிவு இரண்டு. வேலை போகிறது. ஒரு பார்சல் கம்பெனியில் போன் எடுக்கும் வேலைக்குச் சேர்கிறாள். "என் செருப்பு எங்க வந்துக்கிட்டிருக்கு?" என்று கேட்கிறார்கள். திரையில் வண்டி எந்தத் தெருவில் திரும்புகிறது என்பதுகூடத் தெரிகிறது. அவள் நிதானமாகப் பதில் சொல்கிறாள். (இது நடக்கக்கூடியது. அதனாலேயே எழுதப் பிடிக்கவில்லை.)

முடிவு மூன்று. அக்கா மனம் மாறி நேரில் வந்து... (அக்கா எழுதிக் கொடுத்தாகிவிட்டது. அவளுக்கும் குடும்பம் இருக்கிறது. நான் செய்யாததை அவள் தலையில் கட்டப் பார்க்கிறேன்.)

மூன்றும் வேண்டாம். அவள் கேட்ட வரியையே எழுதிவிடுகிறேன்.

"பக்கம் 31இன்படி கைபேசியைப் பூட்டிவைத்த பணியாளர், பக்கம் 35இல் சொன்னபடி வண்டி புறப்பட்டதை உறுதிசெய்ய வழியே இல்லை. தங்கள் பழைய முறையை இவர் குழுவிடம் விளக்கமாகச் சொன்னார். அதை அறிக்கையில் சேர்க்காமல் விட்டவன் நான்."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, எந்த வார்த்தைக்கும் தடுமாறவில்லை. ஆனால் கதைக்குள் எழுதிவிட்டேன். கதையில் வருவதெல்லாம் கற்பனை என்று எவரும் சொல்லிவிடலாம். யாராவது கேட்டால் முதல் ஆளாக நானே அப்படித்தான் சொல்வேன், எனக்கு என்னைத் தெரியும்.

நீங்கள் இதைப் படிக்கும்போது விசாரணை முடிந்திருக்கும். அவளுக்கு என்ன ஆனது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். என்மேல் இரக்கப்பட்டு மட்டும் எதையும் மாற்றிவிடாதீர்கள். விசாரணை இன்று மூன்று மணிக்கு, அலுவலகம் இங்கிருந்து இரண்டு பஸ் நிறுத்தம். நோட்டு மேசைமேல் இருக்கிறது, மூன்று மணிக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது, நான் உட்கார்ந்து இந்த வாக்கியத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.