எழுபது கிலோ போக மீதி

உலகச் சந்தையில் யுரேனியத்தின் விலை இரட்டிப்பான வாரத்தில் துளைக்காரரின் எடையும் இரட்டிப்பானது. எழுபது கிலோ இருந்தவர் நூற்று நாற்பதானார். பெல்ட்டில் ஒரு துளைகூட மாறவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் யுரேனியச் சுரங்கப் பாறையில் துளை போட்டு, ஓய்வு பெற்று மூன்று மாதம் ஆகியிருந்தது. எங்கோ ஒரு நாடு புதிதாக ஐந்து அணுமின் நிலையங்கள் கட்டப்போவதாக அறிவித்தால் அவருடைய கட்டில் கால் ஒடியும். எங்கோ ஓர் உலையை மூடினால் படியில் வேகமாக ஏறுவார். வானொலியில் சந்தை நிலவரம் கேட்ட பிறகே மனைவி அவருக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்.

“அத்தானை வித்தா ஒரு கப்பலே வாங்கலாம்க்கா” என்றார் மைத்துனர்.

“வாயை மூடிட்டு அந்தப் பக்கம் கட்டிலைத் தூக்குடா.”

செய்தி சுரங்க நிறுவனத்தின் காதுக்கு எட்டியது. எழுபது கிலோவுக்கு மேல் உள்ளதெல்லாம் நிறுவனத்தின் தாது, துளைக்காரர் அதைத் தினமும் விழுங்கித் திருடிச் சென்றிருக்கிறார் என்று சுரங்க வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அந்தக் குடும்பத்தில் அவருடைய அப்பாவும் சித்தப்பாவும் அதே சுரங்கத்தில் இறங்கியவர்கள். திருடக் கை நீட்டியவர் ஒருவர்கூட இல்லை. மனைவி நோட்டீஸை இரண்டு முறை படித்தார், கிழிக்கவில்லை. ஒட்டியவர்களே கிழிக்க வேண்டும் என்றார்.

கதிர்வீச்சு பட்டால் கறுக்கும் சிறு பட்டை ஒன்று ஒவ்வொரு தொழிலாளிக்கும் உண்டு. சட்டையில் குத்திக்கொண்டு இறங்க வேண்டும்; மாதம் ஒருமுறை அதைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். உடம்பில் ஏறியது எவ்வளவு என்று அதில் இருக்குமே என்று மனைவி கேட்டார். துளைக்காரர் இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னார்.

“ஒண்ணும் இருக்காது. உடை மாத்துற ரூம்ல ஆணியில மாட்டிட்டுத்தான் இறங்குவேன். எல்லாரும் அப்படித்தான்.”

“எதுக்கு?”

“கறுப்பு ஏறினா மேல தரை வேலைக்கு அனுப்பிடுவாங்க. துளை போட்டவன் துடைப்பம் பிடிக்கணும்.”

“அதை ஆபீஸ்ல வந்து சொல்லுங்க.”

“கூட வேலை பார்த்தவங்களைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும்.”

“திருடன்னு ஒட்டியிருக்கே, அது நல்லாயிருக்கா?”

விலை இறங்கும்வரை பொறுத்தால் சுலபமாக நடந்து போகலாம் என்றார் மைத்துனர். மனைவி ஒப்பவில்லை. “எடை குறைஞ்சு போய் நின்னா, வித்துட்டு வந்துட்டான்னு சொல்வாங்க.” விலை உச்சியில் நின்ற ஒரு செவ்வாய்க்கிழமை, முந்நூற்றுப் பத்து கிலோவோடு துளைக்காரர் மனைவியுடன் நிறுவன அலுவலகத்துக்குக் கிளம்பினார். லாரி கொண்டுவந்தார்கள், அவர் ஏறவில்லை. இரண்டு கிலோமீட்டருக்கு நான்கு மணி நேரம் ஆனது. தார்ச்சாலையில் கணுக்கால் ஆழத்துக்குத் தடம் விழுந்தது. தலை மட்டும் ஒரு தடவையும் குனியவில்லை.

அதிகாரி உட்காரச் சொன்னார்.

“நாற்காலிக்கு நான் பொறுப்பில்ல சார்” என்று சொல்லி, நின்றபடியே ஆணி விவகாரத்தைச் சொல்லி முடித்தார்.

“அப்போ தப்பு உங்களோடதுதானே?”

“மாட்டினது என் தப்பு. நம்பர் போட்டு நாப்பது ஆணி அடிச்சுக் கொடுத்தது யாரு சார்?”

அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார். இருபத்திரண்டு ஆண்டுகளும் ஒரு கறுப்புகூட இல்லாமல் வெள்ளையாக இருந்தன.

மனைவி சொன்னார்: “வயித்துல கொண்டுபோனார்னா, வாசல்ல தினமும் சோதிச்சு அனுப்பின உங்க ஆளு என்ன பண்ணிட்டிருந்தாரு? மூச்சுல ஏறினதுன்னா அப்படி எழுதுங்க. எழுதாம இவர் நகர மாட்டார்.”

நகர்த்தவும் முடியவில்லை. எட்டுப் பேர் தள்ளிப் பார்த்தார்கள். மூன்று நாள் நின்றார். தரை ஒரு சாண் இறங்கியது. விலையும் இறங்குவதாக இல்லை. மூன்றாம் நாள் நண்பகலில் அதிகாரி எழுதினார்: உடல் எழுபது கிலோ, மீதி, பணியின்போது மூச்சில் ஏறியது. பிறகு அவரே வாசலுக்குப் போய் நோட்டீஸைக் கிழித்தார்.

அடுத்த திங்கட்கிழமை சுரங்கத் தொழிலாளர் நாற்பது பேரும் பட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு இறங்கினார்கள். மாதக் கடைசியில் பதினொரு பேரை மேலே அனுப்ப வேண்டி வந்தது. அவர்களைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

ஆண்டு முடிவில் சந்தை சரிந்தது. துளைக்காரர் தரைக்கு இரண்டு விரற்கடை மேலே நடக்கத் தொடங்கினார். மனைவி அவருடைய செருப்புகளைத் துடைத்து உள்ளே எடுத்து வைத்தார்.