லேசாகப் பட்டது

துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் அந்தக் கம்பெனியில் ஜெபசுதாவின் ஆங்கிலத்துக்குத் தனி மரியாதை. நாசரேத்து ஊர் இங்கிலீஷ் டீச்சர் மகளாயிற்றே. விபத்து ரிப்போர்ட் எழுதுவது அவள் வேலை. இடித்தது, நசுக்கியது, அறைந்தது என்று தொழிலாளி எப்படிச் சொன்னாலும் அவள் எழுதும்போது அது ‘காண்டாக்ட்’ ஆகிவிடும். அதாவது, பட்டது. மேனேஜர் சங்கரபாண்டியனுக்கு அதில் ஏகப் பெருமை. அவளுக்கும்தான், பொய் சொல்வானேன்.

அன்று காலை கிரேன் பிரேக் பிடிக்காமல், ஆடி வந்த கன்டெய்னர் பெட்டி, தொழிலாளி ஃபிராங்க்ளினைக் கப்பலின் இரும்புச் சுவரோடு வைத்து அடித்தது. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

“வழக்கம்போல எழுதிரும்மா. ஆள் கால் தடுமாறிட்டாருன்னு போடு,” என்றார் மேனேஜர். அப்படிப் போட்டால் கிரேனுக்குச் சோதனை கிடையாது. மத்தியான ஷிஃப்டுக்கே ஓடும். அதன் கீழே பதினெட்டுப் பேர் நிற்பார்கள்.

ரிப்போர்ட்டை டைப் அடித்து முடித்தாள். கையெழுத்துக்கு முன் சாட்சிக்குத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. நேரமில்லை என்று அதை அவள் எப்போதும் விட்டுவிடுவாள். அன்று சாட்சி தங்கதுரை. மூன்று மாதம் முன்பு இதே கிரேனில் தோள் உடைந்தவர். பேனாவை அவர் வாங்கவில்லை.

“வாசிங்கம்மா. பொறவு போடுதேன்.”

“பெட்டி ஃபிராங்க்ளின் மேல் பட்டது. அவர் தடுமாறி விழுந்தார்.” சொல்லும்போதே அவள் குரல் உள்ளே போனது.

“பட்டுச்சா? டமார்னு அடிச்ச சத்தம் இன்னும் காதுக்குள்ள கெடக்கு. என் தோள உடைச்சதையும் இப்படித்தான் எழுதுனியளா?”

மழுப்பத்தான் நினைத்தாள். முடியவில்லை. “ஆமா அண்ணாச்சி. லேசாப் பட்டதுன்னு எழுதுனேன்.”

அவர் உடைந்த தோளைத் தடவிக்கொண்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. அன்றைக்கு உள்ளதை எழுதியிருந்தால் பிரேக்கைப் பார்த்திருப்பார்கள், ஃபிராங்க்ளின் இருந்திருப்பார்.

எல்லாவற்றையும் அழித்தாள். ‘ஸ்லாம்’, அதாவது ஓங்கி அறைந்தது, என்று அந்தக் கம்ப்யூட்டரில் முதன்முறையாக அடித்தாள். எட்டிப் பார்த்த மேனேஜர் ஆபீஸே அதிரக் கத்தினார்.

“கம்பெனிய மூடச் சொல்லுதியா? இங்கிலீஷ்ல வேற வார்த்தையே கிடைக்கலியா?”

“கிடைக்கும் சார். ஸ்மாஷ் இருக்கு, க்ரஷ் இருக்கு. எதைப் போடட்டும்?”

அவர் அவளைத் திட்டிக் கிழிகிழி என்று கிழித்தார். அவள் தலை நிமிராமல் கடைசிப் பத்தியை அடித்தாள்: முந்தைய விபத்தைக் குறைத்து எழுதியது நான். கீழே தன் பெயர், தேதி. முழுவதையும் தங்கதுரைக்குத் தமிழில் வாசித்தாள். அவர் இடது கையால் மெதுவாகக் கையெழுத்துப் போட்டார். துறைமுகப் பாதுகாப்பு அதிகாரிக்கு அனுப்பியதும், கிரேனைத் தொடக் கூடாது என்று போன் வந்தது.

தங்கதுரை போகவில்லை.

“ஃபிராங்க்ளின் சம்சாரம் பிளாரன்ஸ் வெளிய நிக்கா. அவ புருசன் கால் தடுமாறிச் செத்தான்னு சொல்லி வச்சிருக்காவ. இதை அவளுக்கும் வாசிச்சுக் காட்டுங்க. கடைசி வரி வரைக்கும்.”

ஜெபசுதா தாள்களை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.